முழங்கை தேய்த்த இடம்

பழைய காருக்குப் புதுப் பெயின்ட் அடிப்பது நல்ல காரியம் என்று நான் கொஞ்ச நேரம் நம்பினேன். பிறகு பெயின்ட் காய்ந்தது.

டப்பாவுக்குள் பார்த்தபோது அதுவும் காரும் ஒரே பச்சைதான். கதவின் மேல் காய்ந்த பிறகு, கார் ஒரு பச்சையாகவும் நான் அடித்த இடம் வேறு பச்சையாகவும் இருந்தன. கார், நிழலில் வளர்ந்த இலை மாதிரி. நான் அடித்தது, பிளாஸ்டிக் வாளி மாதிரி.

தப்பு செய்தால் உடனே சரிசெய்துவிட வேண்டும் என்பது என் கொள்கை. என் தப்புகள் எல்லாம் பெரிது பெரிதாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஷெட்டின் அலமாரியில் தின்னர் பாட்டில் இருந்தது. பழைய துணியில் ஊற்றித் தேய்த்தேன். புதுப் பெயின்ட் அழகாகக் கரைந்து வந்தது. கூடவே காரின் பழைய பெயின்ட்டும் வந்தது. உள்ளங்கை அளவு இருந்த இடம், சாப்பாட்டுத் தட்டு அளவு ஆனது. வெறும் தகரம் பல்லை இளித்தது.

வேறு வழியில்லை. தட்டு முழுவதும் மறுபடி வாளிப் பச்சையை அடித்தேன். ஷெட்டைச் சாத்தினேன். வீட்டுக்குள் போய், யாரும் சொல்லாமலே கணக்குப் போட உட்கார்ந்தேன்.

மற்ற நாளாக இருந்தால், நான் கணக்குப் போடுவதைப் பார்த்ததுமே அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அன்று அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை காரை வாங்க ஒருவர் வருவதாக இருந்தது.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் வகைக்கு ரோட்ஸ்டர் என்று பெயர். நீளமான மூக்கு, தாழ்வான கதவுகள், மேலே மூடுவதற்கு ஒரு மடக்குத் துணி, இரண்டே இரண்டு இருக்கை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வெண்டைக்காய். பெயர் வைத்தது நான்தான். அப்போது எனக்கு மூன்று வயது. அதற்கு மேல் நல்ல பெயர் வைக்கிற வயது அது இல்லை.

அப்பா பஸ் ஓட்டுநர். வாரம் முழுவதும் ஐம்பது பேர் உட்காரும் வண்டியை ஓட்டுவார். விடுமுறை நாளில் மூன்று பேர் உட்கார முடியாத வண்டியை ஓட்டுவார். அப்பாவும் அம்மாவும் முன்னால். இருக்கைகளுக்குப் பின்னால் பெட்டி வைக்க ஒரு பலகை மாதிரி இடம் இருக்கும். அதில் நான். பெட்டிகூட அப்படி மடங்கி உட்கார்ந்திருக்காது.

வெண்டைக்காயை முதலில் வைத்திருந்தவர் ஒரு பல் டாக்டர். அப்பாவின் பஸ்ஸில் தினமும் வந்தவராம். வயதாகிப் பார்வை மங்கியதும் காரை அப்பாவுக்குக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: எதையும் மாற்றக்கூடாது. அப்பா ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. இருக்கைத் தோல், வேகத்தை முள் காட்டும் மீட்டர், கதவின் கைப்பிடி எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்தவைதான். பெயின்ட்டும் அப்படியே.

ஒரே ஒரு இடம் மட்டும் தேய்ந்திருந்தது. ஓட்டுபவர் பக்கத்துக் கதவின் மேல் விளிம்பு. முதலில் பல் டாக்டரும் பிறகு அப்பாவும் முழங்கையை ஊன்றி ஊன்றித் தேய்த்த இடம்.

அந்த இடத்துக்குத்தான் நான் உதவி செய்தேன்.

ஏன் செய்தேன் என்றால், அதற்கு மாமா காரணம். மாமா அம்மாவின் தம்பி. சோபாக் கடையில் விற்பனையாளர். எதை விற்றாலும் சோபா மாதிரிதான் பேசுவார். காரை ஏன் விற்கிறோம் என்று நான் கேட்டபோது, அப்பாவுக்குப் பெரிய ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, கார் நல்ல விலைக்குப் போனால் அதைச் செய்துவிடலாம், அப்புறம் அப்பா ஜம்மென்று எழுந்து உட்காருவார் என்று சொன்னார்.

எனக்கு அது முழுதாகப் புரியவில்லை. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பிவிட்டால் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? ஆனால் அப்பா நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டோம். பேசினால் மூச்சு வாங்கியது. சிரித்தால் இன்னும் வாங்கியது. அதனால் நான் வீட்டில் ஜோக் சொல்வதை நிறுத்தியிருந்தேன்.

பெரியவர்களிடம் நேராக ஒரு கேள்வி கேட்டேன். அப்பாவுக்குச் சரியாகிவிடுமா? ஆமாவா, இல்லையா?

ஆஸ்பத்திரி டாக்டர் என் தலையைத் தடவிவிட்டு, நல்ல பிள்ளை என்றார். அம்மா, கை கழுவினாயா என்று கேட்டார். மாமா பிஸ்கட் கொடுத்தார். அந்த மாதத்தில் என் கை ரொம்பச் சுத்தமாக இருந்தது. இரண்டு சட்டை பொத்தான் போட முடியாமல் போயின. பதில் மட்டும் கிடைக்கவில்லை.

அப்பாவிடம் கேட்கவில்லை. பயமாக இருந்தது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கார் நல்ல விலைக்குப் போனால் ஆபரேஷன். ஆபரேஷன் நடந்தால் அப்பா. அப்படியிருக்கும்போது கதவில் ஒரு தேய்ந்த இடத்தை எப்படி விட்டுவைப்பது? பள்ளிக் கண்காட்சிக்கு மலை செய்தபோது மிஞ்சிய பச்சைப் பெயின்ட் என்னிடம் இருந்தது.

மறுநாள் காலை மாமா வந்து ஷெட்டைத் திறந்தார். வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"இது யாரு வேல?"

நான் என் காலைப் பார்த்தேன். அது போதுமான பதிலாக இருந்தது.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம், அவளுக்கு இருக்கிற பாரம் போதும் என்று மாமா முணுமுணுத்தார். தலையைப் பிடித்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றி நடந்தார். அப்புறம் என் தோளைப் பிடித்தார். "நான் பாத்துக்கறேன். நீ வாயத் தொறக்கவே கூடாது. புரியுதா?"

கார் வாங்க வந்தவர் ஒரு பெண்மணி. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி நடத்துகிறவர். அதனாலோ என்னவோ, மேலே அல்லது கீழே என்பதைப்போல அவரிடம் இரண்டே வகைப் பதில்தான் இருந்தது. வேண்டும், வேண்டாம். சரி, சரியில்லை. பையிலிருந்து ஒரு டார்ச்சும், மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தமும் எடுத்தார். காந்தத்தைக் காரின் உடம்பு முழுவதும் மெதுவாக நகர்த்தினார். எங்கேயாவது நெளிவை மறைக்கக் கெட்டியாக எதையாவது பூசியிருந்தால் அந்த இடத்தில் காந்தம் பிடிக்காதாம். நான் மனதுக்குள் அவருக்குக் காந்தக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டேன்.

மாமாவின் திட்டம் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் ஓட்டுபவர் பக்கத்துக் கதவின் மேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து நின்றார். அசையவே இல்லை. சினிமா போஸ்டருக்கு நிற்கிறவர் மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

"எல்லாமே அசல் மேடம்," என்றார். "உக்காந்து பாருங்க, எந்திரிக்க மனசே வராது. துணிகூட அசல்."

"இது தோல்," என்றார் காந்தக்காரம்மா.

"தோலும் அசல்."

காந்தக்காரம்மா மூக்கிலிருந்து வால் வரை போனார். என்ஜின் மூடியைத் திறந்து உள்ளே பொறித்திருந்த எண்ணைப் படித்தார். தரையில் ஒரு அட்டையை விரித்துப் படுத்து அடிப்பக்கம் பார்த்தார். பட்டுப் புடவை வாங்குகிறவர்கள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. கடைசியில் கதவுக்கு வந்தார்.

"சார், கையக் கொஞ்சம் எடுங்க."

மாமா, இது சும்மா ஒரு பழக்கம், முழங்கையில் வாதம் என்று என்னென்னவோ சொன்னார். காந்தக்காரம்மா பொறுமையாகக் காத்திருந்தார். மாமா கையை எடுத்தார். சட்டைக் கையில் வாளிப் பச்சை ஒட்டியிருந்தது. அது முழுதாகக் காய்ந்திருக்கவில்லை.

காந்தக்காரம்மா கதவைப் பார்த்தார். மாமாவின் சட்டையைப் பார்த்தார். முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்துவிட்டது.

இதைத் தவிர வேறு எங்கே பெயின்ட் அடித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றார் மாமா. இதையும் நீங்கள் சொல்லவில்லையே, அதை மட்டும் நான் எப்படி நம்புவது என்றார் அவர். மாமாவின் கை பாக்கெட்டுக்குப் போனது. அதில் பிஸ்கட் இல்லை.

காந்தக்காரம்மா காந்தத்தைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

கார், ஆபரேஷன், அப்பா. மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக வாசலைத் தாண்டிப் போவது மாதிரி இருந்தது.

"நான்தான் அடிச்சேன் ஆன்ட்டி," என்றேன். "நேத்து. மலைக்கு அடிச்ச பெயின்ட்டு."

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தேய்ந்த இடம், டப்பா, தின்னர், தட்டு அளவு, திரும்ப அடித்தது. ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. கண்காட்சியில் என் மலைக்குப் பரிசு கிடைக்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அவர் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.

"இத சரி பண்ண முடியுமா ஆன்ட்டி?"

"முடியாது," என்றார். "பழைய பெயின்ட் போனா போனதுதான்."

அது எனக்கு வலித்தது. ஆனால் வெகு நாளைக்குப் பிறகு ஒருவர் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தார். தலையைத் தடவவில்லை. கை கழுவச் சொல்லவில்லை.

அவரே விளக்கினார். அந்தத் தேய்ந்த இடம் ஒரு குறை இல்லையாம். இந்த மாதிரிப் பழைய காரை வாங்க வருகிறவர்கள் முதலில் தேடுவதே அதைத்தானாம். முழங்கை தேய்த்த இடத்தில் ஓரத்தைப் பார்த்தால் உள்ளே எத்தனை அடுக்கு இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு பச்சை, அதற்குக் கீழே சாம்பல் நிற அடிப்பூச்சு, அதற்குக் கீழே இரும்பு. இவ்வளவுதான் இருந்தால் யாரும் திரும்ப அடிக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு பச்சை இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"இந்த வண்டிக்கு இருந்த ஒரே சாட்சி அது. அதத்தான் நீ அழிச்சுட்ட."

எனக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

"முழங்கைதான் தேய்ச்சிருக்கணுமா ஆன்ட்டி? செருப்பு தேய்ச்சா பரவாயில்லையா?"

மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் காத்திருக்கவில்லை. கதவைத் திறந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் ஏறினேன். இப்போது முழங்கால் மூக்கில் இடித்தது. மடித்து வைத்திருந்த பாயை இழுத்தேன். அதற்குப் பின்னால், பக்கவாட்டுத் தகரத்தில், இரண்டு அரைவட்டங்கள் இருந்தன.

மூன்று வயதிலிருந்து என் செருப்பு உதைத்து உதைத்துத் தேய்த்த இடம். ஒன்று இடது கால், ஒன்று வலது கால். அம்மா பார்த்தபோது அடிக்க வந்தார். அப்பாதான் தடுத்தார். எதையும் மாற்றக்கூடாது என்றுதான் பல் டாக்டர் சொன்னார், உதைக்கக்கூடாது என்று சொல்லவில்லை என்றார்.

காந்தக்காரம்மா காருக்குள் தலையை நுழைத்தார். டார்ச் அடித்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்தார். இரண்டு அரைவட்டங்களின் ஓரத்தையும் உற்றுப் பார்த்தார். மாமா மூச்சு விடவில்லை. நான் இருந்த நிலையில் எனக்கும் மூச்சு விட இடம் இல்லை.

"ஒரே பச்சைதான்," என்றார் கடைசியில்.

காரை எடுத்துக்கொள்கிறேன் என்று மாமாவிடம் சொன்னார். கதவு போனதற்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன், மற்றபடி பேசிய விலைதான் என்றார். அந்தச் செருப்புத் தடத்தை யாரும் தொடக்கூடாது என்றும் சொன்னார். மாமாவின் தோள்கள் இறங்கின. அம்மாவிடம் சொல்ல உள்ளே ஓடினார்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"ஆன்ட்டி, கொறச்சிட்டீங்கன்னா ஆபரேஷனுக்குப் பத்துமா?"

அவர் முகம் மாறியது. எந்த ஆபரேஷன் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அப்பாவின் தலை தலையணையில் சாய்ந்து, எங்களைப் பார்த்தபடி இருந்தது. நடந்த அத்தனையும் அவருக்குக் கேட்டிருக்கும்.

"அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதும்மா," என்றார் காந்தக்காரம்மா. "யார் சொல்லணுமோ அவங்ககிட்டப் போய்க் கேளு."

ஷெட்டிலிருந்து முன்னறை பத்தடி தூரம்கூட இருக்காது. அன்று அது தெருவைவிட நீளமாக இருந்தது.

அப்பா என் கையைப் பார்த்தார். நகத்தில் இன்னும் பச்சை இருந்தது.

"வாங்க வக்கீலம்மா," என்றார். நான் ஆமாவா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் அப்பா எனக்கு வைத்த பெயர் அது. "உங்க மலைக்கு நான் பரிசு குடுத்திருப்பேன்."

நான் சிரிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். கதவைக் கெடுத்ததால் விலை குறைந்துவிட்டது, விலை குறைந்ததால் ஆபரேஷன் நின்றுபோகுமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"ஆபரேஷனே இல்லம்மா. எப்பவுமே இல்ல. உங்க மாமா உன்ன அழவிடக் கூடாதுன்னு சொன்னது. வண்டி வித்த பணம் உனக்கும் அம்மாவுக்கும். உன் பெயின்ட்டுக்கும் என் உடம்புக்கும் சம்பந்தமே கெடையாது. கேட்டுச்சா? சம்பந்தமே கெடையாது."

தலையை ஆட்டினேன். நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. அந்த இடத்தில் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது.

அம்மா கதவருகில் வந்து நின்றிருந்தார். அவர் பின்னால் மாமா. மாமாவின் சட்டைக் கையில் பச்சை.

"நாங்களும் உன்ன மாதிரியேதான்," என்றார் அப்பா. "தெனமும் மேல ஒரு கோட்டிங் அடிச்சுட்டு இருந்தோம். சரி. நீ அந்தம்மாகிட்ட நேராச் சொன்ன. இப்ப நீ கேளு. நானும் நேராச் சொல்றேன்."

அம்மா, வேண்டாம் என்பதுபோல ஒரு அடி எடுத்து வைத்தார். அப்பா அவரைப் பார்த்தார். அம்மா நின்றார். பிறகு வந்து கட்டிலின் அந்தப் பக்கம், அப்பாவை ஒட்டி உட்கார்ந்தார்.

வெளியே காந்தக்காரம்மா ஷெட் கதவை மெதுவாகச் சாத்துவது கேட்டது.

"உங்களுக்குச் சரியாயிடுமாப்பா?" என்றேன். "ஆமாவா, இல்லையா?"

அப்பா என் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"இல்லம்மா," என்றார். "சரியாகாது."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலில் ஏறி, அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டேன். இடம் பத்தவில்லைதான். இரண்டு பேர் இடத்தில் மூன்று பேர் உட்காருவது எங்களுக்குப் பழக்கம்.